வாசிக்கத் தெரியாதவள்

மழை பெய்தால் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டு கிடையாது மிஸ். பட்டையில் தண்ணீர் ஓடினால் பால் சிரட்டைக்கு வராமல் மரத்தோடு வழிந்துவிடும். அதனால்தான் அந்தச் சனிக்கிழமை அப்பா வீட்டில் இருந்தார். வெயில் அடித்திருந்தால் அவர் வேலைக்குப் போயிருப்பார். நானும் என் கணவர் மயூரதனும் மட்டும் அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்போம்.

என் சட்டத்தரணியாக நீங்கள் வழக்குக்கு எழுதித் தந்த சத்தியக் கடதாசியை மூன்று தடவை வாசித்தேன். தமிழில் ஒரு வரிகூட இல்லாத எச்சரிக்கைப் பலகையால் ஒரு தமிழரின் உயிர் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது எனக்கே அழுகை வந்தது. எட்டாவது பந்திதான் இடிக்கிறது. ‘எனக்குச் சிங்களம் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது’ என்று அதில் இருக்கிறது. நான் சொன்னதைத்தான் நீங்கள் எழுதினீர்கள். கஹவத்தைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் என்றதும், பொலிஸிலும் சரி, மரண விசாரணையிலும் சரி, ஒருவரும் மறுபேச்சுப் பேசாமல் நம்பிவிட்டார்கள்.

எனக்குச் சிங்களம் நன்றாக வாசிக்கத் தெரியும் மிஸ். தோட்டத்து ஆபீஸிலிருந்து கடிதம் வந்தால் பத்து வயதிலேயே நான்தான் லயத்துக்கு வாசித்துக் காட்டுவேன். அப்பா நாகலிங்கம் பக்கத்தில் நின்று, வந்தவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அவருக்கு அவ்வளவு பெருமை.

கொழும்பில் வேலை கிடைத்த முதல் மாதமே என் பேச்சை மாற்றிக்கொண்டேன். தோட்டத்து ‘ஆமாங்க’ போய் யாழ்ப்பாணத்து ‘ஓம்’ வந்தது. ஊர் எது என்று கேட்டால் இரத்தினபுரி என்பேன். மாணிக்கக்கல் வியாபாரக் குடும்பம் என்று அவர்களாகவே நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்துவதில்லை. யாருக்கும் அதனால் நஷ்டமில்லை என்றுதான் நினைத்தேன்.

மயூரதன் யாழ்ப்பாணத்துக்காரர், சிங்களம் தெரியாது. எங்கள் தோட்டத்து ஆட்களை அவர் இளக்காரமாக நடத்தியிருப்பார் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி ஏதாவது இருந்ததா என்று நானும் எவ்வளவோ துருவிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. மாமா, மாமா என்று அப்பாவின் பின்னாலேயே திரிவார். அம்மா சுட்ட ரொட்டியைச் சம்பலோடு நாலு சாப்பிட்டுவிட்டு ஐந்தாவதும் கேட்பார்.

அன்று அருவிக்கு நடந்து போவோம் என்றவர் அவர்தான். மழை என்று நான் சொன்னதற்கு, மழையில் நடக்கத்தானே வந்தோம் என்று சிரித்தார். அப்பா குந்தி உட்கார்ந்து, மருமகனின் கால்களில் அட்டை ஏறாமல் சவர்க்காரம் தேய்த்துவிட்டார். பிறகு தானும் ஓர் உரப்பையை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு முன்னால் நடந்தார்.

டிக்கெட் கொடுக்கும் தகரக் கொட்டகையில் பியதிலக இருந்தார். மேலே நல்ல மழை, பலகைக்கு அங்கால் இறங்க வேண்டாம் என்று சிங்களத்தில் என்னிடம் சொன்னார். சரி என்றேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்று பின்னால் விசாரணையில் சொன்னேன். அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

பாதி வழியில், ஒரு வளைவில், என் ஆபீஸில் வேலை செய்யும் அப்ஹமும் அவர் மனைவி நுஹாவும் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். நான் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை. நுஹா அப்பாவைப் பார்த்துவிட்டு, “இவர் யாரு?” என்று கேட்டாள்.

“கைட்,” என்றேன். “வழி காட்டக் கூட்டிக்கொண்டு வந்தனாங்கள்.”

நுஹா உடனே தன் போனை அப்பாவிடம் நீட்டினாள். “அண்ணே, எங்க நாலு பேரையும் ஒரு போட்டோ எடுத்துத் தாங்களேன்.”

“சரிங்க மெடம்,” என்றார் அப்பா. கையை வேட்டியில் துடைத்துவிட்டுத்தான் போனை வாங்கினார். ஒன்றாவது நன்றாக வரவேண்டும் என்று மூன்று தடவை எடுத்தார். அவர்கள் போனதும் என்னைப் பார்க்காமல், “நான் இங்கனயே நிக்கிறேங்க. நீங்க போயிட்டு வாங்க,” என்றார். அதுவரை என்னை ‘வா, போ’ என்று மட்டுமே கூப்பிட்ட மனுஷன். மருமகனுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு நான் நடந்தேன்.

வளைவு மறையும்வரை மயூரதன் அப்பாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தார். பிறகு, “ஏன் அப்பிடிச் சொன்னீர்?” என்று கேட்டார்.

நான் வழுக்குகிற கல்லைப் பார்த்துக் காலை வைத்தேன்.

“பரவாயில்லை. இறங்கேக்க மாமாட்ட மன்னிப்புக் கேளும். திங்கக்கிழமை அப்ஹமுக்கு நான் போன் எடுத்துச் சொல்லுறன், அது உம்மட அப்பா எண்டு. இதில ஒளிக்க என்ன இருக்கு?”

சொல்லிவிட்டு என் ஈரத் தலையைத் தடவினார். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். அந்தக் கனிவு என்னைக் கொன்றது. உடம்பெல்லாம் கூசியது. அப்பாவை அப்படிச் சொன்னதற்காகக் கூசியது என்றுதான் இத்தனை மாதமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்காக இல்லை மிஸ். நான் எப்படிப்பட்டவள் என்று அவர் பார்த்துவிட்டார், இனி வாழ்நாள் முழுக்க அதை மன்னித்துக்கொண்டே இருப்பார் என்பதற்காகத்தான் கூசியது. திங்கட்கிழமை ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

பலகை வந்தது. “என்ன போட்டிருக்கு?” என்று கேட்டார்.

வாசித்தேன். இங்கே நீர்ச்சுழி இருக்கிறது, நீராடுவது தடை, இதுவரை ஏழு பேர் இறந்திருக்கிறார்கள் என்று இருந்தது. அவசரமில்லாமல் இன்னொரு தடவையும் வாசித்தேன்.

“குளிக்கிற இடமாம். குப்பை போட வேண்டாமாம்,” என்றேன்.

அவர் கடலில் நீந்திப் பழகியவர். தண்ணீர் பழுப்பாக இருந்ததைப் பார்த்து, “ஆழமோ?” என்று கேட்டார். மனதை மாற்றிக்கொள்ள அது எனக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு. “இடுப்பளவுதான். சின்ன வயசில நாங்கள் குளிச்ச இடம்,” என்றேன். எங்களை அந்தப் பக்கமே அண்டவிட மாட்டார்கள். அப்பா கூட வந்திருந்தால் கையைப் பிடித்து இழுத்திருப்பார். மகளுக்குத்தான் தெரியுமே என்று நம்பி அவர் கீழே நின்றுவிட்டார்.

மயூரதன் சேர்ட்டையும் கண்ணாடியையும் போனையும் என்னிடம் தந்துவிட்டு இறங்கினார். நாலு எட்டு வைத்திருப்பார். ஒரு தடவை கை மேலே வந்தது. நான் அவருடைய சேர்ட்டை மடித்து, நனையாமல் என் பைக்குள் வைத்தேன். அதற்குப் பிறகுதான் கூப்பிட்டேன். ‘அப்பா’ என்றுதான் கூப்பிட்டேன். பக்கத்தில் யாரும் இருக்கவில்லை.

அப்பா ஓடி வந்து, ஒரு கொடியைப் பிடித்துக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் வெகுநேரம் தடவினார். கரையேறியதும் பலகையைப் பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். பிறகு என்னைப் பார்த்தார். மரண விசாரணையில், “எம் புள்ளைக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாதுங்க ஐயா,” என்று கும்பிட்டபடி சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அவரை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

பியதிலகவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள் என்று நேற்றுத்தான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை தமிழ்ப் பலகை வைக்கிறார்கள், நான்தான் திறந்துவைக்க வேண்டுமாம். என்னால் முடியாது மிஸ். எட்டாவது பந்தியை வெட்டிவிட்டு இப்படி எழுதுங்கள். எனக்கு வாசிக்கத் தெரியும். வாசித்தேன். பொய் சொல்லி என் புருஷனைச் சாகத் தண்ணீரில் இறக்கினேன். இதற்கு இப்போதே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரேயொரு திருத்தம் மட்டும் இருக்கிறது. அப்பாவின் பெயரை ஐந்து இடத்தில் போட்டிருக்கிறீர்கள். ஊரில் நடந்த விசாரணைக்கு ஆபீஸிலிருந்து ஒருவரும் வரவில்லை, வழக்கு கொழும்பில் நடந்தால் எல்லோரும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஐந்து இடத்திலும் ‘எங்களோடு வந்த ஆள்’ என்று போடுங்கள். அவருக்கு ஒரு தலைகுனிவு வந்துவிடக் கூடாதே என்றுதான் சொல்கிறேன்.