கட்டத்துக்குள் மகள்

எரியோட்டிலிருந்து திண்டுக்கல் போகும் பஸ். பூக்கூடையோடு முன்சீட்டில் இருந்த ஒரு அம்மா தன் பழைய போனைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இதைச் செஞ்சவன் கிடைச்சா ஒரு முழம் மல்லி சும்மாவே குடுப்பேன்."

"ஆம்பளை பூவை எங்க வைப்பான்?" என்றார் பக்கத்திலிருந்த பெண்.

"பொண்டாட்டிக்கு வைக்கட்டும்."

"இந்தப் போன்ல கட்டம் கட்டமா வருதே, அந்த சிஸ்டத்தையே கம்பெனி நிறுத்திருச்சுக்கா. பேட்டரி வேற உப்பிருச்சு. புதுசு வாங்குங்க."

"எனக்கு எழுத்து தெரியாதே. இதுல பெரிய கட்டத்துல மக மூஞ்சி இருக்கு. தொட்டா பேசுறா. ஒருத்தரையும் போன் போட்டுத் தரச் சொல்ல வேண்டியதில்ல."

"மருமகன்?"

"சின்னக் கட்டம். அவரு பேச்சும் அம்புட்டுத்தான்."

"புதுப் போன்லயும் இதே மாதிரி கட்டம் போடலாம்க்கா. நானே போட்டுத் தாரேன்."

அந்த அம்மா போனை மடியில் வைத்தார். பிறகு கூடையிலிருந்த சரத்தை முழங்கையில் அளந்து கிள்ளினார்.

"அவனை எங்க தேடுறது? இந்தா, நீ வச்சுக்க."