அவள் எதற்குச் சிரிக்கிறாள்

வத்தலக்குண்டு பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் காலிப் பூக்கூடைகளோடு இரண்டு பெண்கள்.

"எம் மக படிக்கிற பொஸ்தகத்த அடுப்புல வச்சிரலாம்னு வருதுடி," என்றாள் ஒருத்தி.

மற்றவளுக்குப் பொறுக்கவில்லை. "ஒன் மகளாச்சும் படிக்கிறா. எம் மக தொடவே மாட்டேங்கிறா. என்ன மருந்து வச்ச?"

"மொதல்ல அவளும் தொடமாட்டாதான். எனக்கு எழுத்துத் தெரியாதுல்ல, பூக்கட்டுறப்ப தொடர்கதைய வாசிச்சுக் காட்டுன்னேன். வாரா வாரம் வாசிச்சா. ரெண்டு பேரும் சேந்தே அழுதோம், சிரிச்சோம்."

"அப்பறம் என்னவாம்?"

"இப்ப தனியா ஒக்காந்து மனசுக்குள்ளயே வாசிக்கிறா. சிரிக்கிறா. என்னடின்னு கேட்டா, 'ஒண்ணுமில்லம்மா'ங்கிறா."

முதலில் பேசியவள் காலிக்கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஊர்ல முதியோர் பள்ளிக்கூடம் வச்சிருக்காகள்ல, நாளைக்கே சேரப்போறேன். என்னய விட்டுட்டு அவ எதுக்குச் சிரிக்கிறான்னு பாத்துருவோம்."