மச்சான் பிடித்த கயிறு

கதிரையில் இருக்கச் சொன்னீர்கள், முதலியார் ஐயா. பெரிய மனது. ஆனால் நான் நின்றுகொண்டே சொல்கிறேன். இத்தனை வயதுவரை நிலத்தில் குந்தியே பழகியவனுக்குக் கதிரையில் இருந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். துரைக்கு இங்கிலீசில் மாற்றிச் சொல்லும்போது ஆறுதலாகச் சொல்லுங்கள், எனக்கு அவசரம் இல்லை. பேசாலைக்குக் கிழக்கே உள்ள எங்கள் குடியிருப்பிலிருந்து நானாகத்தான் நடந்து வந்தேன். ஒருவரும் பிடித்துக்கொண்டு வரவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் பஸ்ரியன். சங்கு குளிக்கும் வள்ளத்தில், மூழ்குகிறவனுடைய கயிற்றைப் பிடிப்பவன். போன மாதம் வள்ளச் சொந்தக்காரரான எங்கள் சம்மாட்டி கொன்ஸ்ரன்ரைனும் அவருடைய அடிமை பெனடிக்றும் கடலில் செத்துப்போனார்கள். சம்மாட்டி கால் தவறி விழுந்தார், அவரைத் தூக்கப்போன பெனடிக்றும் மூழ்கினான் என்று இங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள். அப்படிச் சொன்னவன் நான்தான். அது பொய். அதைத் திருத்த வந்தேன்.

அந்தப் பொய்யோடு நான் காலம் தள்ளியிருப்பேன். தள்ளவிடாமல் செய்தது ஊர்தான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? எட்டாம் நாள் பூசையில் சுவாமியார் பிரசங்கம் வைத்தார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றார். பெனடிக்ற் விசுவாசமுள்ள ஊழியனாம், எசமானுக்காக உயிரைக் கொடுத்தானாம். பெண்கள் முந்தானையால் மூக்கைச் சிந்தினார்கள். சம்மாட்டியின் பெண்சாதி கடற்கரையில் அவனுக்கு ஒரு மரக்குருசு நட்டாள். யார் யாருக்கு உப்பிட்டது, ஐயா? அந்த வீட்டுக்கு உப்பள்ளிச் சுமந்தவர்கள் நாங்கள். அந்த வீட்டு மீனுக்கு உப்பு வைத்தவள் என் தங்கச்சி செலீனா. அவளுடைய விரல் இடுக்கெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. எங்கள் உப்பைத் தின்றவன் அந்தச் சம்மாட்டி. பெனடிக்ற் விசுவாசத்தில் சாகவில்லை. நான் கொன்று செத்தான்.

முதலில் இருந்து சொன்னால் விளங்கும். நானும் அந்த வீட்டு அடிமையாகப் பிறந்தவன்தான். எனக்குப் பத்து வயதும் செலீனாவுக்கு நாலு வயதுமாக இருந்தபோது சம்மாட்டியின் தங்கைக்கு யாழ்ப்பாணத்தில் கலியாணம் நடந்தது. சீதன உறுதியில் இரண்டு குத்துவிளக்கு, ஒரு கறவைப் பசு, அதன் கன்று, ஓர் அடிமைப் பெண் என்று எழுதினார்கள். அந்த அடிமைப் பெண் எங்கள் அம்மா. பசுவோடு கன்றையும் எழுதினார்கள். எங்களை எழுதவில்லை. அம்மாவைத் தோணியில் ஏற்றியபோது செலீனா கரையில் மண் விளையாடிக்கொண்டிருந்தாள். அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. அடிமை வைத்திருப்பவன் தன் அடிமைகளின் பெயரைப் பதியவேண்டும், பதியாத அடிமை சுயாதீனன் என்றார்கள். சம்மாட்டி போய்ப் பதிந்தார். நான் அப்போது காய்ச்சலோடு பனங்கூடலுக்குள் சுருண்டு கிடந்தேன். கண்ணில் படாததால் என்னை மறந்துவிட்டார். ஒருவருடைய ஞாபகமறதியில் எனக்கு விடுதலை கிடைத்தது. அதன் பிறகும் அதே வள்ளத்தில், அதே கயிற்றைத்தான் பிடித்தேன். வேறெங்கே போவது? செலீனாவும் பெனடிக்றும் பதிவுப் புத்தகத்தில் ஏறிவிட்டார்கள்.

பெனடிக்றுக்குச் செலீனாவைக் கட்டிக்கொடுத்தவன் நான். நல்ல மூச்சுக்காரன், ஏழு பாகத்தில், ஏழு ஆள் ஆழத்தில், நின்று நிதானமாகச் சங்கு பொறுக்குவான். வாயாடமாட்டான். சம்மாட்டியிடம் உத்தரவு கேட்டேன், சுவாமியாரிடமும் கேட்டேன். செலீனாவிடம் கேட்கத் தேவை இருக்கவில்லை. அவள் என் சொல்லைத் தட்டமாட்டாள்.

துரை கடலில் இறங்காதவர், எங்கள் வழக்கம் அவருக்குத் தெரிந்திருக்காது. எங்கள் ஊர்ப்பக்கத்தில் சங்கு குளிப்பவனுடைய கயிற்றை அவன் பெண்சாதியின் சகோதரன்தான் பிடிப்பான். அப்பனோ கூடப்பிறந்தவனோ பிடிப்பதில்லை. கூடப்பிறந்தவனுக்குப் பங்காளிக் காய்ச்சல் வரலாம். மச்சான் கையை விட்டால் அவனுடைய தங்கச்சிதான் தாலி அறுக்கவேண்டும், அதனால் அவன் கை விடாது என்று பெரியவர்கள் யோசித்து வைத்த ஏற்பாடு. பன்னிரண்டு வருடம் பெனடிக்றின் கயிற்றை நான் பிடித்தேன். ஒரு நாள்கூடக் கை தவறியதில்லை. வேண்டுமானால் கரையில் விசாரித்துப் பாருங்கள்.

நாலு மாதத்துக்கு முன் சம்மாட்டி தன் மகள் அன்ரோனெற்றுக்கு யாழ்ப்பாணத்தில் மாப்பிள்ளை பேசினார். மறுபடியும் உறுதி எழுதினார்கள். இந்தத் தடவை அதில் செலீனா. பெனடிக்ற் இங்கே குளிக்கவேண்டும், அவள் அங்கே அடுப்பூதவேண்டும். நான் ஒரு சர்க்கார் கந்தோருக்குப் போய் முறையிட்டேன். நாலு நாள் வாசலில் நின்றேன். பதிந்த அடிமை சொத்து, சொத்தைச் சீதனமாகக் கொடுக்கலாம், காலம் மாறும், பொறு என்று ஒரு கிளாக்கர் சொன்னார். பல் குத்திக்கொண்டே சொன்னார். பொறு என்று சொல்கிறவனுக்கு என்ன, அவன் பெண்சாதி இரவுச் சோற்றோடு வீட்டில் காத்திருப்பாள்.

கொலை பாவம் என்று எனக்கும் ஞானோபதேசம் படிப்பித்திருக்கிறார்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். ஒரு மனிதனைக் கொல்வது பாவம். அம்மாவைப் பசுவுக்குப் பக்கத்தில் எழுதியது என்ன? அதற்கு யாராவது பிரசங்கம் வைத்தார்களா? தூக்குக் கயிறு ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் திரித்திருக்கிறது. மறு பக்கத்துக்கு நான் ஒன்று திரித்தேன். துரைக்கு இது பிடிக்காவிட்டாலும் அப்படியே சொல்லுங்கள்.

எனக்கு இன்னொரு எண்ணமும் இருந்தது. சம்மாட்டி மறந்ததால் நான் விடுதலையானேன் அல்லவா? ஆகவே அடிமைத்தனம் என்பது அவருடைய தலைக்குள்தான் இருக்கிறது, அந்தத் தலை போனால் செலீனாவும் விடுபடுவாள் என்று நினைத்தேன்.

வலம்புரிச் சங்கு அகப்பட்டால் நாங்கள் ஒளித்துவிடுவோம் என்ற பயத்தில் சம்மாட்டி வாரத்தில் ஒரு நாள் தானே வள்ளத்தில் வருவார். அன்று நாங்கள் மூன்று பேர்தான். காற்று விழுந்து, கடல் தெளிந்து கிடந்தது. பெனடிக்ற் இடுப்பில் என் கயிற்றைக் கட்டிக்கொண்டு, அடிக்கு இழுத்துப் போகும் பாரக்கல்லின் கயிற்று வளையத்தில் கால் மாட்டி இறங்கினான். அடியில் போனதும் கல்லிலிருந்து காலை எடுத்துவிடுவான், நான் கல்லை மேலே இழுத்து வைப்பேன். தினமும் நடப்பதுதான். அன்று கல்லை இழுத்துச் சம்மாட்டியின் காலடியில் வைத்தேன். முதல் நாளே அந்த வளையத்தைச் சுருக்காக மாற்றிக் கட்டியிருந்தேன். பெனடிக்ற் மேலே இருந்தால் தடுப்பான் என்று தெரியும், அதனால் அவன் அடியில் நிற்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

சம்மாட்டி விளிம்பில் குந்தி வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். சுருக்கை அவர் காலில் மாட்டி இறுக்கினேன். குனிந்து பார்த்தார்.

"என்னடா செய்யிறாய்?" என்று கேட்டார். பயம்கூட இல்லை, ஐயா. நான் அவருக்கு ஏதும் செய்யக்கூடியவன் என்பதே அந்த மனிதனுக்குத் தோன்றவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"எங்களை எத்தினை தரம் இறக்கினனீங்கள். ஒருக்கா நீங்களும் போய்ப் பாருங்கோ, நயினார்" என்றேன். கல்லைத் தள்ளிவிட்டேன்.

அவர் போனார். அதற்காக நான் வருத்தப்படவில்லை. நாளைக்குத் தூக்குமேடையில் கேட்டாலும் இதையே சொல்வேன்.

கொஞ்ச நேரத்தில் என் கையில் இருந்த கயிறு உலுப்பியது. இழு என்று அர்த்தம். இழுத்தேன், பாரமாக இருந்தது. எட்டிப் பார்த்தேன். பெனடிக்ற் தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துச் சம்மாட்டியின் இடுப்பில் கட்டியிருந்தான். இழுப்பதை நிறுத்தினேன்.

பெனடிக்ற் தனியாக மேலே வந்தான். விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். பிறகு சொன்னான்: "மச்சான், இழுங்கோ. செலீனாவை அனுப்பமாட்டன் எண்டு மாதாவுக்கு முன்னாலை சத்தியம் பண்ணினவர். எனக்கு மட்டும்தான் சொன்னவர். அவர் செத்தால் அவள் போயிடுவாள்."

இதை அவன் விடியற்காலையிலேயே வள்ளம் தள்ளும்போது என்னிடம் சொல்லியிருந்தான். உங்களிடம் முன்னமே சொல்லாதது என் பிழை. அது முக்கியம் என்று எனக்குப் படவில்லை. சம்மாட்டியின் சத்தியம் தண்ணீரில் எழுதிய எழுத்து. அவன் நம்பினான். அடிமைப் புத்தி அப்படித்தான், எசமான் வாயிலிருந்து வந்தால் வேதவாக்கு. நான் சிரித்துவிட்டு வள்ளத்தைத் தள்ளினேன்.

ஏறு என்றேன். ஏறிச் சம்மாட்டியைத் தானே இழுக்கப்போவதாகச் சொல்லிக் காலைத் தூக்கி விளிம்பில் வைத்தான். சம்மாட்டிக்கு இன்னும் உயிர் இருந்திருக்கும். அவர் மேலே வந்தால் என் கதை என்ன, செலீனாவின் கதை என்ன? துடுப்பை எடுத்து அவன் விரல்களில் அடித்தேன். வலது கையில் இரண்டு தரம், இடது கையில் ஒரு தரம். பெலமாக அடிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. அவன் என்னைப் பார்த்தான். இரண்டு வாய் காற்றை விழுங்கிவிட்டு மறுபடியும் இறங்கினான்.

அவனுக்கு நான் நேரம் கொடுத்தேன் என்பதை எழுதுங்கள். அந்த மனிதனை விட்டுவிட்டு மேலே வந்திருந்தால் ஏற்றியிருப்பேன். கயிறு உலுப்பியது. முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. நான் இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. உள்ளங்கைத் தோல் உரிந்ததைப் பாருங்கள். மச்சான் கயிற்றை விட்டான் என்று இந்தக் கடற்கரையில் ஒருவனும் சொல்லமுடியாது.

கயிறு நின்ற பிறகு இழுத்தேன். சம்மாட்டி கயிற்றில் வந்தார். பெனடிக்ற் அவரைக் கட்டிப்பிடித்தபடி வந்தான். சம்மாட்டியின் காலில் கல் இருக்கவில்லை. சுருக்கைப் பெனடிக்ற் பல்லால் அவிழ்த்திருந்தான், விரல்கள் உதவாதபடியால். உதடு கிழிந்திருந்தது. மீன் கடித்தது என்று கரையில் சொன்னேன்.

செலீனாவைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? சம்மாட்டி செத்தாலும் புத்தகம் சாகவில்லை. சம்மாட்டியின் பெண்சாதிக்குச் சத்தியமும் தெரியாது, மாதாவும் வந்து சாட்சி சொல்லவில்லை. துக்கவீடு என்று கலியாணத்தைச் சுருக்கமாக முடித்தார்கள். சீதனத்தைச் சுருக்கவில்லை. இன்று காலை தோணி புறப்பட்டது. இரண்டு பெட்டி, ஒரு பசு, செலீனா.

தோணி வெளிக்கிடுமுன் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இங்கே சொன்னதுபோலவே, ஒன்றையும் மறைக்கவில்லை. உங்கள் இரண்டு பேருக்காகத்தான் செய்தேன் என்றும் சொன்னேன். அழுவாள், மண்ணை அள்ளித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் என் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். தோணிக்காரன் கூப்பிட்டபோது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அண்ணை, அவரிட்டையோ என்னட்டையோ, உங்களுக்கு என்ன வேணும் எண்டு ஒருக்காலாவது கேட்டனீங்களோ?"

இங்கே வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் மண்டைக்குள் குடைந்துகொண்டு வருகிறது. கோபமாகவும் இருக்கிறது. அவளுக்காகக் கழுத்தைக் கொடுக்க வந்திருக்கும் என்னிடம் கேட்கிற கேள்வியா இது? நீங்களே நியாயம் சொல்லுங்கள், முதலியார் ஐயா. இதையெல்லாம் அடிமைகளிடம் கேட்டுக்கொண்டா செய்வார்கள்?