சாப்பாட்டு மணி

இல்ல அண்ணி, உக்காரல. நின்னுட்டே பேசிடுறேன். உக்காந்தா எனக்கு இப்ப பேச்சே வராது. அண்ணன் வீட்டுல இல்லன்னு தெரிஞ்சுதான் வந்தேன். லாரி ஷெட்டுல லோடு ஏத்தப் போறாராமே? அந்த முதுக வச்சுக்கிட்டா? சரி சரி, கோவிச்சுக்காதீங்க. நீங்க சொல்லாமலா இருந்திருப்பீங்க. கம்பெனில நிறுத்தி ஒன்றரை மாசம் ஆச்சே, மனுஷன் வேற என்னதான் பண்ணுவார்.

ஜன்னலச் சாத்திடட்டுமா? எதிர் வீட்டம்மா இங்கயே பாக்குறாங்க. வேண்டாமா? சரி, வேண்டாம்.

என்ன விஷயம்னா... நான் போன வருஷம் ட்ரெயினிங்குக்கு வெளிநாடு போனேன்ல, உங்களுக்குக் கூட ஒரு கைப்பை வாங்கிட்டு வந்தேனே. ஆறு வாரம். பைப்புக்குள்ள போடுற ரப்பர் வாஷர் இருக்கு பாருங்க, அதச் செய்ற டெக்னாலஜியவே நம்ம கம்பெனி அந்த ஊர்க் கம்பெனிகிட்ட வாங்குச்சு. மிஷின் வந்துச்சு, பதினாலு ஃபைல் பேப்பர் வந்துச்சு, அப்புறம் நம்ம ஆள் ஒருத்தர் அங்க போய்க் கூடவே நின்னு பாத்துக்கலாம்னு பேச்சு. நியாயமாப் பாத்தா அண்ணனத்தான் அனுப்பியிருக்கணும். பதினோரு வருஷமா ரப்பர் கலக்குற கை. எனக்கு இங்கிலீஷ் வரும், அவருக்கு வராது. அவ்ளோதான், நான் ஏரோப்ளேன் ஏறிட்டேன்.

அங்க எப்படித் தெரியுமா? காலைல ரப்பர் கலக்குவாங்க. பன்னெண்டு மணிக்கு மணி அடிச்சா போதும், இருக்கிறத அப்படியே விட்டுட்டு மொத்தப் பேரும் சாப்பிடப் போயிடுவாங்க. கலந்து எடுத்த ஷீட்டு பாட்டுக்கு ஸ்டாண்டுல தொங்கும். ஒரு மணி நேரம்! நிதானமா வந்து, ஏப்பம் விட்டுட்டு, அப்புறம்தான் வாஷரா அழுத்தி எடுக்குற அச்சு மிஷின்ல வைப்பாங்க. ஒரு நாள் கூட மாறாது.

எனக்கு ஒரே சிரிப்பு. நல்ல சோம்பேறிக் கூட்டமா இருக்கேன்னு. நோட்டுல எல்லாத்தையும் எழுதினேன் அண்ணி. சூடு எவ்வளவு, எத்தன நிமிஷம், ஷீட்ட எந்தக் கையால மடிக்கிறான் வரைக்கும். இந்த ஒரு மணி நேரத்த மட்டும் எழுதல. சாப்பிடுறது வேலையா என்ன? அந்தப் பதினாலு ஃபைல்லயும் அது இல்ல, சத்தியமா. அவங்களுக்கே அது வேலைல சேர்த்தின்னு தெரியல போல. பழகிப் போனத யாரு உக்காந்து எழுதுவா?

இங்க வந்தேன். நம்மதான் ஆள் மாத்தி ஆள் சாப்பிடுவோமே, மிஷின் நிக்கவே நிக்காது. கலந்த கையோட அச்சு. அவங்க ஒரு நாள்ல செய்றத நாம அரை நாள்ல செய்றோம்னு மீட்டிங்ல எழுந்து நின்னு சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. சூப்பர்வைசர் ஆக்கினாங்க. மேனேஜர் என்னத் தலையில தூக்கி வச்சு ஆடினார். எனக்கும் தலைகால் புரியல, உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது.

அப்புறம்தான் வாஷர் கீறல் விட ஆரம்பிச்சுது. மாட்டி முடுக்கினா ஓரத்துல பிளக்குது. போன சரக்கெல்லாம் லாரி லாரியாத் திரும்பி வருது. அந்தக் கம்பெனிக்காரங்களக் கேட்டா, எங்க வாஷர் நல்லாத்தானே இருக்கு, உங்க ஆளுங்களப் பாருங்கன்னுட்டாங்க. ரப்பர மாத்திப் பாத்தோம், சூட்ட மாத்திப் பாத்தோம், ஒண்ணும் நடக்கல. அண்ணன் என்னத் தனியாக் கூப்பிட்டார். டேய், அங்க கலந்து முடிச்சதும் என்னடா பண்றாங்க, நல்லா யோசிச்சுச் சொல்லுன்னார். நேரா அச்சுதாண்ணேன்னேன். அப்ப எனக்கு நெஜமாவே உறைக்கல அண்ணி.

யாரையாவது கை காட்டணும்ல? கலக்குறதுலதான் கோளாறுன்னு முடிவாச்சு. கலக்குறது அண்ணன். மீதி உங்களுக்கே தெரியும்.

மணி என்ன ஆச்சு? அவர் எப்ப வருவார்? அஞ்சரையா. சரி, நேரம் இருக்கு.

நடுவுல ஒரு நாள் கரண்ட் போச்சு. கலந்த ஷீட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல சும்மா கிடந்துச்சு. கரண்ட் வந்ததும் அச்சுல வச்சாங்க. மறுநாள் காலைல நான் சோதிக்கிறேன், அந்தப் பெட்டில ஒரு வாஷர் கூடக் கீறல் விடல. அப்பத்தான் அந்தச் சாப்பாட்டு மணி ஞாபகம் வந்துச்சு. அன்னிக்கே ஒரு ஷீட்ட எடுத்து பீரோவுக்குப் பின்னால ஒளிச்சு வச்சேன், ஒரு மணி நேரம் கழிச்சு நானே அச்சுல போட்டேன். ஒரு கீறல் இல்ல. கலந்த ரப்பர் கொஞ்சம் ஆறணும், அவ்ளோதான். அண்ணன் கைல ஒரு தப்பும் இல்ல.

இந்தாங்க, லெட்டர். எல்லாம் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கேன். நானே குடுக்கலாம்தான். நாலு நாளா மேனேஜர் ரூம் வரைக்கும் போறேன், உள்ள யாரோ இருக்காங்கன்னு திரும்பிடுறேன். நேத்து உள்ள அவரத் தவிர யாருமே இல்ல. அப்பவும் திரும்பிட்டேன். என் கைல இருந்தா இது போய்ச் சேராது. அண்ணன்கிட்டக் குடுங்க, அவர் கொண்டு போகட்டும். என் வேலையா? போகும். போகட்டும் அண்ணி.

படிங்க, படிங்க. எழுத்துதான் கொஞ்சம் கோணல்.

என்ன? எந்த வரி? தேதியா... இல்ல, தப்பா எழுதல. கரண்ட் போனது ஏழாந்தேதிதான். நான் ஒளிச்சு வச்சுப் பாத்தது எட்டு.

ஆமா, அண்ணன நிறுத்தினது அதே மாசம் பன்னெண்டு. கலக்குறவர் சரியில்லன்னு ஒரு ரிப்போர்ட் போச்சுல்ல, அத எழுதினது நான்தான். பதினொண்ணாந்தேதி எழுதினேன். தெரிஞ்சுதான் எழுதினேன்.