தலைமுழுக்கு

அந்தக் கவுன்சலிங் அறையில் கொடுக்கும் காபி நன்றாக இருக்கும். அதை நான் குறை சொல்ல மாட்டேன். தென்காசியில் ஒரு மருத்துவமனையின் மாடியில், ஏசி போட்ட அறை. இரண்டு கிழடுகள் கைகோத்துச் சிரிக்கும் படம் ஒன்று சுவரில் இருக்கும். மறதி நோய் வந்தவரும் அவரைக் கட்டிக்கொண்டவரும் எப்படி அன்பாகக் காலந்தள்ளுவது என்று சனிக்கிழமைதோறும் அங்கே சொல்லித் தருவார்கள். சொல்லித் தருகிறவள் உமாராணி. சின்னப் பெண். இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

நீங்கள் கேள்வி கேட்டுச் சிரமப்பட வேண்டாம், இன்ஸ்பெக்டரம்மா. என் வீட்டுக்காரர் சுடலைமுத்துவும் உங்கள் இலாகாதான், எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவர். வாக்குமூலம் எப்படி வாங்குவது என்று சோற்றைப் பிசைந்துகொண்டே எனக்கு வகுப்பு எடுத்திருக்கிறார். நானே சொல்லிவிடுகிறேன்.

முதல் வாரமே உமாராணி எங்களுக்கு ஒரு பாடம் நடத்தினாள். "அவங்க தப்பாச் சொன்னாலும் திருத்தாதீங்கம்மா. அவங்க உலகத்துக்குள்ள நீங்க போயிருங்க." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாலி கட்டிய நாளிலிருந்து நான் வேறு எவர் உலகத்தில் குடியிருந்தேனாம்? அதற்கு எனக்கு யாரும் காபி கொடுக்கவில்லை.

இன்னொரு வாரம், துணையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்றாள். பேங்க்கில் மேனேஜராக இருந்த நமசிவாயம் என்பவர் எழுந்து, தன் மனைவிக்குத் தன் பெயர் மறந்துபோனதால் தினமும் புதிதாக அவளைக் காதலிப்பதாகச் சொன்னார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த அம்மாள் தன் சேலை நுனியை மென்றுகொண்டிருந்தாள்.

அடுத்து என் வீட்டுக்காரர் எழுந்தார். "சங்கரம்மா தங்கமானவ. இவள நான் ஒருநாளும் கைநீட்டி அடிச்சதில்ல" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் விஷயம். அவருக்கு அது நினைவில் இல்லை. அவர் அறைந்ததில் என் இடது காது செவிடாகிப் பல வருஷம் ஆகிறது. அன்றைக்கு அவர் சொன்னதை வலது காதால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அறையே கைதட்டியது. உமாராணி குனிந்து, "எவ்வளவு பாசம் பாத்தீங்களா" என்றாள். செய்தவன் மறந்துவிட்டால் செய்தது எங்கே போகும் என்று அவளிடம் கேட்க நினைத்தேன். கேட்டால் அதற்கும் மூளைப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டுவாள் என்று விட்டுவிட்டேன்.

எங்களுக்கு ஒரே மகள், சுகந்தி. கூட வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூரில் இருக்கிறாள். பையன் வேற சாதி. அவள் போன அன்று இவர் குற்றாலம் ஐந்தருவிக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு வந்தார். சொட்டச் சொட்ட வாசலில் நின்று, "எனக்கு மக கெடையாது. அவகூடப் பேசுதன்னு தெரிஞ்சுது, உன்னையும் சேத்து முழுகிருவேன்" என்றார். பேரன் பிறந்தபோது நான் போகவில்லை. அவர் வெளியே போன நேரம் பார்த்து போனில் அவன் அழுவதைக் கேட்டேன். அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் மறந்தவர் இதையும் மறந்தார். ஒருநாள் காலையில் காபி குடித்துக்கொண்டே, "ஏட்டி, சுகந்தி எங்க? இன்னும் எந்திரிக்கலியா?" என்று கேட்டார்.

"அவளத்தான் நீங்க தலமுழுகிட்டியளே" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் கோபத்தில் முழுகியது அவருக்கு மறந்துவிட்டது; சாவுக்கு முழுகுவது மறக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்.

"செத்துட்டாளா?"

திருத்தக் கூடாது என்றுதானே பாடம்? நான் திருத்தவில்லை.

அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். வாயைத் திறந்து, சத்தம் வராமல் அழுதார். மதியத்துக்குள் மறந்துபோய், குழம்பில் உப்பில்லை என்றார். மறுநாள் திரும்பக் கேட்டார். இந்தமுறை நானாகவே, "சுகந்தி செத்துட்டா" என்றேன். அப்புறம் அவர் கேட்காத நாளிலும் சொன்னேன். அவருக்குத் தினமும் அது புதுச் செய்தி. பாதிக் காபி உள்ளே போன பிறகுதான் சொல்வேன். வெறும் வயிற்றில் சொல்ல மாட்டேன். அந்த அளவுக்கு இரக்கம் எனக்கு உண்டு.

ஒரு சனிக்கிழமை கவுன்சலிங்கிலேயே அழுதுவிட்டார். "எம்மவ போயிட்டா. இவதான் சொன்னா."

மகள் உயிரோடு இருப்பது உமாராணிக்குத் தெரியும். முதல் நாளே குடும்பத்தைப் பற்றி விசாரித்திருந்தாள். என் கையைத் தடவி, "இதுவும் நோயோட ஒரு பகுதிம்மா. நடக்காதத நடந்ததா நெனச்சுக்குவாங்க" என்றாள். டாக்டரிடம் சொல்லி ஒரு மாத்திரையும் கூட்டினாள். அத்தனை படித்தவள், அவர் சொன்ன இரண்டாவது வாக்கியத்தைக் காதில் வாங்கவில்லை. அவர் இழவு வீட்டில் சுகந்தியை நேரில் பார்த்த பிறகுதான் அது அவளுக்கு உறைத்திருக்கிறது. அதனால்தானே நீங்கள் வந்திருக்கிறீர்கள்?

சுகந்தியும் நடுவில் போன் பண்ணினாள். "யம்மா, அப்பாவுக்கு இப்பிடின்னு கேள்விப்பட்டேன். எல்லாம் மறந்துட்டாவன்னா கோவமும் மறந்திருக்கும்லா? நான் வரட்டா?"

"ஒம் பேரு மட்டும் மறக்கல. சொன்னா அருவாளத் தேடுதாவ. வந்துராத" என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கட்டிப்பிடித்து அழுதிருப்பார். பேரனை மடியில் வைத்துக் கொஞ்சியிருப்பார். உமாராணி அதைப் போட்டோ எடுத்து மாட்டியிருப்பாள். ஒரு மன்னிப்புக்கூடக் கேட்காமல் எல்லாமே அவர் கைக்குத் திரும்ப வந்திருக்கும். இப்படி ஒரு சௌகரியமான நோய் யாருக்கு வாய்க்கும்?

அந்தக் காலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் இலஞ்சியில் விடாத மழை. அருவிகளில் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். நான் செய்தியைச் சொன்னதும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "தலமுழுகணும்லா" என்றார். மற்ற நாட்களில் குளியலறையில் உட்காரவைத்துக் குடத்துத் தண்ணீரை ஊற்றிவிடுவேன். அன்றைக்கு எனக்கு முதுகு வலி. ஆட்டோ பிடித்து, சிற்றாற்றுப் படித்துறைக்குக் கூட்டிப்போனேன். தண்ணீர் செம்மண் நிறத்தில் மேல்படிவரை ஏறியிருந்தது. ஆட்டோ திரும்பிப் போகும்வரை காத்திருந்தேன். பக்கத்தில் வேறு ஆள் இல்லை. அதையும் பார்த்துக்கொண்டேன்.

"வெள்ளமால்லா கெடக்கு" என்றார். போலீஸ் புத்தி கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"பெத்த மகளுக்கு நீங்கதான முழுகணும்?" என்றேன்.

சரிதான் என்று தலையாட்டினார். செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் கால் வழுக்கியதும் திரும்பி, "ஏட்டி, கையப் பிடி" என்றார். எட்டும் தூரம்தான். நான் நீட்டவில்லை.

தள்ளியதாக மட்டும் எழுதாதீர்கள், தள்ளவில்லை. போகச் சொன்னேன், போனார். என் பேச்சை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. மற்றபடி, அவரைக் கொன்றது நான்தான். அப்படி எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

சுகந்தி சாவுக்கு வந்தாள். பேரன் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, "யம்மா, கடைசியா என்னப் பத்தி ஒரு வார்த்தையாவது கேட்டாவளா?" என்றாள்.

"இல்லட்டி. ஒன்னும் கேக்கல" என்றேன்.

இந்த ஒன்றை மட்டும் அவளிடம் நீங்கள் சொல்லாமல் இருந்தால் நல்லது. அப்பா தினமும் காலையில் தனக்காக அழுதார் என்று தெரிந்தால் அவள் தாங்க மாட்டாள். அவளுக்கு இனி நான் ஒருத்திதானே? தன்மேல் யாருக்குப் பாசம் இருந்தது என்பதில் பிள்ளைக்குக் குழப்பம் வந்துவிடக் கூடாது, பாருங்கள்.