எதிர்வீட்டுக் கொடியில் ஒரு வெள்ளை

இந்த நீலம் மோசமில்லை, இன்ஸ்பெக்டர் அம்மா. சுவருக்கு அடித்தவர்கள் கதவைப் பற்றியும் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம், அவ்வளவுதான். குறை சொல்லவில்லை. உங்கள் ஸ்டேஷன், உங்கள் விருப்பம். நான் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன்.

என் பெயர் ஜசுமதி. எங்கள் போளில், ஒரே பெரிய வாசலுக்குள் ஒட்டி ஒட்டி இருக்கிற அந்தச் சந்து வீடுகளில், எல்லோருக்கும் ஜசுபென். முப்பத்தோரு வருடமாக அதே வீடு, முதல் மாடியில் சந்துப் பக்கம் பார்த்த அதே அறை. சந்து எவ்வளவு குறுகல் என்று உங்களுக்கே தெரியும். ரமணிக்பாய் விழுந்த அன்று ஜீப்பைப் பெரிய வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்துதானே வந்தீர்கள். விபத்து என்று எழுதிக்கொண்டு போனீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

ரமணிக்பாய் எங்கள் எதிர்வீடு. மில்லில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தாராபென், ஒரே மகள் ஃபால்குனி. என் ஜன்னலிலிருந்து நான் கையை நீட்டி, தாராபென் அவள் பால்கனியிலிருந்து கையை நீட்டினால் ஒரு கிண்ணம் தயிர் சிந்தாமல் கைமாறும். அந்தப் பால்கனியில்தான் அவர்கள் துணி உலர்த்தும் கொடி.

என் அறைக்குப் புது நிறம் அடிக்க நினைத்தபோது ஒரு பத்திரிகையில் படித்தேன். அறைக்கு நிறம் தேடுகிறவர்கள் பெயின்ட் கடை அட்டையைப் பார்க்கக் கூடாதாம். மனதுக்குப் பிடித்த ஒரு துணியைப் பார்க்க வேண்டுமாம். துணியில் எது அதிகம், எது கொஞ்சம், எது ஒரு கீற்று என்று கவனித்து, அதே கணக்கில் சுவர், மெத்தை, தலையணை என்று பிரித்துக்கொண்டால் அறை அமைந்துவிடுமாம். இரண்டு நாள் பெட்டிகளையெல்லாம் திறந்து தேடினேன். என் கல்யாணத்துப் பட்டோலாப் பட்டுப்புடவையைக்கூட விரித்துப் பார்த்தேன். எதுவும் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை தாராபென் துணி உலர்த்தினாள். கடுகு நிறத்தில் ஒரு மேல்விரிப்பு, ஒரு சிவப்புப் பாந்தனிப் புடவை, ஓரத்தில் ஃபால்குனியின் கிளிப்பச்சைத் துப்பட்டா. வெயில் அவற்றுக்குள் புகுந்து என் அறைக்குள் வந்தது. நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அது கொடி இல்லை, அம்மா. அது என் அறையின் நாலாவது சுவர்.

மற்ற மூன்று சுவர்களையும் அதற்கேற்பச் செய்தேன். கடுகு நிறச் சுவர், சிவப்பில் மெத்தை, ஊஞ்சலுக்குக் கிளிப்பச்சைத் தலையணை. ஜன்னலுக்குத் திரை போடவில்லை. அதுதான் எதிரே இருக்கிறதே. பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். தாராபென்னே வந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, எங்கிருந்துதான் உங்களுக்கு இப்படியெல்லாம் தோன்றுகிறது என்று கேட்டாள். கடவுள் கொடுப்பது என்றேன்.

மறுநாள் கொடியில் ரமணிக்பாயின் பழுப்புக் கால்சட்டைகள் மூன்று தொங்கின. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் அடாவடிக்காரி இல்லை. பக்கத்தில் வாழ்கிறவர்களிடம் இது வேண்டும், அது வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதனால் தீபாவளிக்குத் தாராபென்னுக்குச் சிவப்புப் புடவை கொடுத்தேன். ஃபால்குனி பிறந்தநாளுக்கு வருடா வருடம் கிளிப்பச்சை. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவள் வியாழக்கிழமை வருவாள். அவளிடம் அந்த மூன்று கால்சட்டைகளையும் போட்டு ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கினேன். அந்த டம்ளரில்தான் ரமணிக்பாய்க்கு மோர் கொடுப்பேன். நியாயம் என்று ஒன்று இருக்கிறதில்லையா.

அவர் நல்ல மனிதர். கோபப்படவே இல்லை. மோரைக் குடித்துக்கொண்டே சொன்னார்.

"இந்தப் போள் காக்காவுக்கெல்லாம் எங்கேயோ ஆபீஸ் வேலை கிடைச்சிருக்கு, ஜசுபென். நல்ல பேண்ட்டா பாத்துத் தூக்கிட்டுப் போகுது."

என் கணவர் நவீன்பாய் மட்டும் ஒரு தடவை பேப்பரை இறக்கி, "நீ நம்ம ரூமுக்குப் பெயின்ட் அடிக்கிறியா, எதிர்வீட்டுக்கு அடிக்கிறியா?" என்று கேட்டார். நான் ஊஞ்சல் தலையணையைத் தட்டி நேராக வைத்தேன். அவரும் பேப்பரை ஏற்றிக்கொண்டார். எங்கள் வீட்டில் சண்டை கிடையாது.

ஃபால்குனி விஷயத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். அரைகுறையாகச் சொல்வது எனக்குப் பிடிக்காது. அவளுக்கு இருபத்தைந்து வயதில் ராஜ்கோட்டிலிருந்து வரன் வந்தது. பையனின் அம்மா, பெண்ணைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்க என்னிடம் வந்தாள். அது எங்கும் உள்ள வழக்கம்தானே. என் அறையை வெகுவாகப் புகழ்ந்தாள். நான் தேநீர் கொடுத்தபடி யோசித்தேன். பெண் ராஜ்கோட் போனால் துப்பட்டாவும் போகும். கிளிப்பச்சை கீற்றளவுதான், ஆனால் அதை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும்.

"தங்கமான பொண்ணு," என்றேன். "தூக்கத்துல மட்டும் மொட்டைமாடியில நடப்பா. கூப்பிட்டா காதுல விழாது. மத்தபடி ஒரு குறையும் இல்ல."

அவர்கள் திரும்பி வரவில்லை. அடுத்து சூரத்திலிருந்து வந்தவர்களும் வரவில்லை. அப்புறம் யாருமே வரவில்லை. ஒரு நாள் ஃபால்குனி என் அறைக்கு வந்து மடியில் தலை வைத்து அழுதாள். தன்னிடம் என்னதான் குறை என்று கேட்டாள். தலையைத் தடவிக் கொடுத்தேன். அவள் துப்பட்டா நழுவி என் சிவப்பு மெத்தை மேல் கிடந்தது. அந்த மூலைக்கு என்ன போதவில்லை என்று மாதக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தேன். அன்றுதான் கண்டுபிடித்தேன். இப்போது அவளுக்கு முப்பத்தொன்று. இந்தக் காலத்தில் அது ஒரு வயதே இல்லை.

ஆறு வருடம் இப்படியே நன்றாகப் போயிற்று. பிறகு என் கண்ணுக்கு ஒரு குறை தெரிய ஆரம்பித்தது. கடுகு, சிவப்பு, கிளிப்பச்சை. கண் எங்கே போய் உட்காரும்? பாந்தனியை எடுத்துக்கொள்ளுங்கள். நூலால் முடிந்த இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்தால் அங்கே ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளி இல்லாவிட்டால் அது வெறும் சிவப்புத் துணி. என் நாலாவது சுவரில் வெள்ளை இல்லை.

ரமணிக்பாயின் பனியன் இருந்ததே என்பீர்கள். அது வெள்ளை இல்லை, சாம்பல். தாராபென் துணிக்கு நீலம் போடவே மாட்டாள். வெள்ளைப் படுக்கை விரிப்புகளை அவள் மொட்டைமாடியில்தான் உலர்த்துவாள். எனக்குக் கரையில்லாத வெள்ளையில் ஒரு புடவை வேண்டியிருந்தது. நீளமாக, ஒரே மடிப்பில். அதனால் அடுத்த தீபாவளிக்கு அப்படி ஒன்று வாங்கித் தாராபென்னிடம் கொடுத்தேன். அவள் விரித்துப் பார்த்து, மடித்து, சிரித்துக்கொண்டே என் கையில் திருப்பி வைத்தாள்.

"அவர் கல்லு மாதிரி இருக்கும்போது எனக்கு எதுக்கு இது, ஜசுபென்? நீங்க வேற."

கவனியுங்கள், அம்மா. வழியைச் சொன்னது அவள்தான். எனக்கு அது தோன்றக்கூட இல்லை.

என் கணவரை ஏன் விட்டுவைத்தாய் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. நானும் அதைத்தான் முதலில் யோசித்தேன். மற்றவர் வீட்டுக்குக் கஷ்டம் கொடுப்பதற்கு முன்னால் நம் வீட்டில் முடியுமா என்று பார்க்க வேண்டும். ஆனால் என் துணி காய்வது என் ஜன்னலுக்கு அடியில். நான் வெள்ளை கட்டினால் அது தாராபென் கண்ணுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. அதில் யாருக்கும் லாபமில்லை.

சங்கராந்தி அன்று போள் முழுக்க மொட்டைமாடியில்தான் இருக்கும். ஐந்து வயதிலிருந்து பட்டம் விடுகிறவர் ரமணிக்பாய். அவருடைய பட்டம் என் வீட்டு மேலேதான் எப்போதும் பறக்கும். அதனால் என்னைப் பார்த்து நிற்பார், முதுகு பின்பக்க விளிம்புக்கு. அந்தப் பக்கத்துக் கைப்பிடிச் சுவர் போன மழையில் சரிந்துவிட்டது. கட்டிவிடுகிறேன், கட்டிவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நூல் உருளையைப் பிடித்துக்கொண்டு தாராபென் அவர் பின்னால் நிற்பாள். அவர் ரொம்பப் பின்னால் வந்தால் முழங்கையால் ஒரு இடி இடிப்பாள். வருடா வருடம் அப்படித்தான்.

நான் எங்கள் மாடியில் எள்ளு மிட்டாய்த் தட்டோடு நின்றேன். அடுப்பில் வைத்த உந்தியுக் காய்க்கூட்டு அடிபிடிக்கிற வாசனை வருகிறதே என்று தாராபென்னிடம் சொன்னேன். வாசனை எதுவும் வரவில்லை. அவள் உருளையைக் கீழே வைத்துவிட்டு இறங்கி ஓடினாள். ரமணிக்பாய்க்கு அப்போது ஒரு கருப்புப் பட்டத்தோடு மும்முரமான சண்டை. கண்ணை எடுக்க முடியாத நேரம்.

"ஜசுபென், பின்னால எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார்.

"ரெண்டடி இருக்கு பாய். தாராளமா வாங்க."

"உங்க கண்ணை நம்பித்தான் நிக்கிறேன்."

"வாங்க பாய்," என்றேன்.

முக்கால் அடி இருந்தது. எனக்கு அளவு தப்பாது. திரைச்சீலைக்குக்கூட நான் டேப் பிடித்ததில்லை.

அதே நொடியில் அவர் அந்தக் கருப்புப் பட்டத்தை வெட்டிவிட்டார். எல்லா மாடியிலும் தட்டைத் தட்டிக் கூச்சல். அதனால் மூன்று மாடிக்குக் கீழே கேட்ட சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. ஜெயித்துவிட்டுத்தான் போனார் என்று தாராபென்னிடம் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறேன். அது அவளுக்கு ஆறுதலாக இருக்கிறது.

இரங்கல் கூட்டத்துக்குப் போள் முழுக்க வெள்ளையில் வந்து வெள்ளை விரிப்பில் உட்கார்ந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், அது எனக்குக் கொஞ்சம் அதிகம். வெள்ளை புள்ளியாக இருந்தால்தான் அழகு. நான் பொறுத்துக்கொண்டேன். பதிமூன்றாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் காலை குளித்து, பூஜை செய்து, ஜன்னலைத் திறந்தேன்.

கொடியில் வெளிர் ஊதா நைலான் புடவை தொங்கியது. வெள்ளி நிறத்தில் சின்னச் சின்னப் பூக்கள்.

ஃபால்குனிதான் வாங்கி வந்திருக்கிறாள். வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்று அவளிடம் பக்குவமாகக் கேட்டேன். என்னைச் சித்தி முறை வைத்து மாசி என்றுதான் கூப்பிடுவாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"அப்பா போனது போதாதா, மாசி? அம்மாவையும் வெளுக்கணுமா?"

நாலைந்து நாள் படுத்துவிட்டேன். தாராபென் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். என் துக்கம் தாளாமல்தான் உங்களுக்கு இப்படி ஆயிற்று என்று அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள். கஞ்சியைக் குடித்துக்கொண்டே அவள் புடவையை அருகில் பார்த்தபோதுதான் புத்திக்கு எட்டியது. வெளிர் ஊதாவை வைத்தும் ஒரு அறை அமைக்கலாம். கடுகைக் கொஞ்சம் குறைத்து, சிவப்பை ரோஜா நிறமாக்கினால் போதும். வெள்ளை தேவையே இல்லை. இது கொஞ்சம் முன்னாலேயே தோன்றியிருந்தால் ரமணிக்பாய் அடுத்த வருடமும் பட்டம் விட்டிருப்பார். எனக்கு வருத்தம்தான்.

சுவரைச் சுரண்டி, ஜன்னல் பக்கம் முதல் பூச்சு அடித்தும் ஆயிற்று. போன செவ்வாய்க்கிழமை தாராபென் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டை விற்கிறார்களாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஏழாவது மாடியில் ஃப்ளாட் பார்த்திருக்கிறார்களாம். அந்த மொட்டைமாடியின் கீழே அவளால் படுக்க முடியவில்லையாம். அங்கே ஃபால்குனியோடு வேலை செய்கிற ஒருவர், மனைவியை இழந்தவர், அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறாராம். அவர் அக்கம்பக்கத்தில் எதையும் விசாரிக்கவில்லையாம்.

"உங்களை விட்டுட்டுப் போறதுதான் என்னால முடியல, ஜசுபென்," என்றாள். "அவர் கடைசியா பேசினது உங்ககிட்டதானே."

அன்று முழுக்க அந்த வார்த்தை என்னைக் குடைந்தது. மறுநாள் போள் முனையில் இருக்கிற வக்கீலிடம் பொதுவாகக் கேட்டேன். ஒரு வீட்டில் நடந்த சாவு கொலை வழக்கானால் அந்த வீட்டை யார் வாங்குவார், சாட்சிகள் வீடு மாறிப் போகலாமா என்று. வாங்க ஆள் கிடைக்காது, வழக்கு பத்துப் பன்னிரண்டு வருடம் இழுக்கும், அதுவரை அவர்கள் அங்கேயே இருப்பதுதான் நல்லது என்றார். அவருக்குச் சட்டம் எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் எனக்குப் போதுமாக இருந்தது. அதனால்தான் யாரும் அழைக்காமல் நானாக வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

எழுதிக்கொள்ளுங்கள். ரமணிக்பாயைக் கொன்றது நான். இடம் இல்லை என்று தெரிந்தே, இருக்கிறது என்று சொன்னேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. மனசாட்சி உறுத்தியதால் சொல்கிறேன். தாராபென்னும் ஃபால்குனியும் முக்கியமான சாட்சிகள், வீட்டைவிட்டு நகரக் கூடாது என்பதை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். நான் கிளம்ப வேண்டும், அம்மா. நாளைக் காலை ஒன்பது மணிக்குத் தாராபென் துணி உலர்த்த வருவாள். அதற்குள் சுவரின் இரண்டாவது பூச்சு காய்ந்திருக்க வேண்டும்.