முயலின் நாக்கைப் பிடித்திருந்த கை

என் பெயரையும் கதவு எண்ணையும் இந்தக் காவல் நிலையத்தில் காலையிலிருந்து ஆளுக்கொரு தடவை சொல்லியாகிவிட்டது. முதல் பக்கத்தில் இருப்பதே சரி. வயது நாற்பத்தொன்று. நான் கால்நடை மருத்துவர். மருந்து ஆராய்ச்சி நிலையத்தின் விலங்குக் கூடத்தில் விலங்குகளுக்கு மயக்கம் கொடுப்பதும், உயிரோடு எழுப்பிவிடுவதும் என் வேலை. மேற்படி புகாரைக் கொடுத்தவர் என் நாத்தனார். அடிபட்டவர் அவர் கணவர், அதே நிலையத்தில் தொண்டை அறுவை மருத்துவர். எனக்கு அண்ணன் முறை, அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். நான் அவரை ஸ்டூலிலிருந்து தள்ளி மண்டையை உடைத்தேன் என்பது புகார். இது வழக்கானால் என் மருத்துவப் பதிவும் வேலையும் போய்விடும்.

நேற்று முன்தினம் காலை ஒரு முயலின் குரல்நாணில் தையல் போட வேண்டியிருந்தது. எந்த மயக்கம் கொடுப்பது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை, அதை மறுக்கவில்லை. எழுத்தர் ஐயா, "ஒரு ஊசியப் போட்டுத் தூங்க வைக்க வேண்டியதுதானேம்மா, இதுக்குப் போய்ச் சண்டையா?" என்று கேட்டதால் விளக்குகிறேன். வேறு இடத்தில் அறுவை என்றால் மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயைச் செருகி அதன் வழியாக மயக்க வாயுவை விடலாம், வெளியே கசியாது. தொண்டையிலேயே வேலை என்றால் அந்தக் குழாய் கத்தி போகும் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே காதோர நரம்பில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றலாம், முயல் தானாக மூச்சு விடும், தொண்டையும் காலியாக இருக்கும் என்று நான் சொன்னேன். ஊசி மருந்தில் தூக்கம் ஏறி இறங்கும், நடுவில் இருமித் தொலைக்கும், மூக்கருகே வாயுவை விட்டால் போதும் என்றார் அண்ணா. வாயைத் திறந்து வைத்திருக்கும்போது வாயு அறைக்குள்தான் வரும், குனிந்து பார்ப்பவர் மூக்கில்தான் முதலில் ஏறும் என்றேன். அன்றைக்கென்று பார்த்து, வாயுவை வெளியே இழுக்கும் விசிறியும் ஓடவில்லை. "எத்தன வருஷமா கத்தி பிடிக்கிறேன், எனக்கே மயக்கம் வருமா? வீட்லதான் உன் பேச்சு எடுபடுதுன்னா இங்கயுமா?" என்றார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. முடியாது என்று நான் வெளியே வந்திருந்தால் அவரே வாயுவைத் திறந்து முயலைக் கொன்றிருப்பார். அதனால் அங்கேயே இருந்து வாயுவை நானே கொடுத்தேன். அறையில் நாங்கள் இருவர்தான்.

அதன் பிறகு முயல் தூங்கியது. அதன் பிறகு அதன் நாக்கை வெளியே இழுத்து நான் பிடித்துக்கொள்ள, அண்ணா ஸ்டூலில் உட்கார்ந்து அதன் வாயருகே முகத்தைக் கொண்டுபோய் வேலையைத் தொடங்கினார். அதன் பிறகு முயல் அசைகிறது, வாயுவை இன்னும் கூட்டு என்றார், கூட்டினேன். மறுபடியும் அசைகிறது என்றார். "அண்ணா, ஆடுறது நீங்க. எந்திரிச்சு வெளிய போங்க" என்றேன். "சும்மா தொணதொணக்காத" என்றார். அதன் பிறகு முயலின் மூச்சு நின்றது. வாயுவை மூடி ஆக்சிஜனைத் திறந்து, ஒரு கையில் நாக்கும் மறு கையால் நெஞ்சை அமுக்குவதுமாக இருந்தேன். அப்போது அவருக்குக் கண் செருகி, ஸ்டூல் சாய்ந்து, மேசை விளிம்பில் புருவம் இடித்து விழுந்தார்.

உங்களுக்கு மட்டும் ஏன் மயக்கம் வரவில்லை என்கிறார் ஆய்வாளர். நான் நின்றுகொண்டு முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பியிருந்தேன். அவர் முயல் வாய்க்குள் மூக்கை வைத்திருந்தார். இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

அதன் பிறகு முயல் மூச்சு விட்டது. உடனே கதவைத் திறந்து போட்டு அவரைத் தரதரவென்று வெளியே இழுத்தேன், அவர் சட்டை கிழிந்தது அதில்தான். கண் விழித்ததும் அவர் முயலைப் பற்றிக் கேட்கவில்லை, "ஏம்மா தள்ளின?" என்றார்.

ஒரு மன்னிப்பு கேட்டால் அக்கா புகாரை வாபஸ் வாங்கிவிடுவாள் என்று என் கணவர் நேற்றிலிருந்து நச்சரிக்கிறார். மன்னிப்பு கேட்டால் தள்ளியது உண்மையென்று ஆகிவிடும், அது அவர் மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது. நாத்தனாரோ இந்தக் காவல் நிலைய வாசலில் நின்று, "முயலப் பாத்தாளாம், மனுஷனப் பாக்கலையாம்" என்று ஊர் கேட்கச் சொன்னார்.

அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அவரைப் பார்த்தேன். அவர் சாயத் தொடங்கியபோதே பார்த்தேன். கையை நீட்டியிருந்தால் தோள் எட்டியிருக்கும். நாக்கை விட்டிருந்தால் அது உள்ளே போய்த் தொண்டையை அடைத்து முயல் செத்திருக்கும். அண்ணா தானாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார், முயல் விடவில்லை. நான் அவரைத் தள்ளவில்லை. தாங்கிப் பிடிக்கவும் இல்லை.

மேலே உள்ளது முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கடைசி வரி வந்ததும் எழுத்தர் ஐயா பேனாவை வைத்துவிட்டு, "அது வேணாமேம்மா, எடுத்துடுறேன், உங்களுக்குத்தான் சிக்கல்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நடந்தது அதுதான், அந்த வரி இருக்கட்டும் என்று சொல்லி, அதற்கும் சேர்த்துக் கீழே கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)